வெள்ளிக்கிழமைகளில் நின்றுபோன வண்டி

பட்டறைக்கு வரும் வண்டி தன் பழுதை மட்டுமே சுமந்து வரும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை நாம் தேடிச் செல்லும்போது நிலைமை வேறு. அந்த வீட்டாரின் பழக்கங்களும் அச்சங்களும் அவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டைகளும் அதைச் சூழ்ந்து நிற்கும். ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகச் சென்று பழைய டீசல் வண்டிகளைப் பார்க்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் உங்களுக்குக் கருவிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் இருந்தவற்றைவிட நல்லவை உங்களிடம் இருக்கின்றன. வடிகட்டியை எப்படி மாற்றுவது, குழாயில் புகுந்த காற்றை எப்படி வெளியேற்றுவது என்பதையெல்லாம் நீங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு பார்த்த ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது செம்பனை நிற்கும் நிலத்தின் ஓரத்தில், தோட்டத்து மக்களுக்காகக் கட்டித்தரப்பட்ட வீட்டு வரிசை ஒன்று உண்டு. அதன் கோடி வீட்டில் காளிமுத்து அண்ணனும் அவர் மனைவி சரசு அக்காவும் இருந்தார்கள். அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு மணல் லாரி ஓட்டினார். நீரிழிவு அவருடைய சிறுநீரகத்தையும், பெரும்பகுதி பார்வையையும் எடுத்துக்கொண்டது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் காலையில் ஈப்போவில் உள்ள நிலையத்தில் அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு. அழைத்துச் செல்பவர் அக்கா. அழைத்துச் செல்வது, அண்ணன் கண் தெரிந்த காலத்தில் வாங்கிய பழைய டீசல் மகிழுந்து.

வாடகை வண்டியில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருமுறை போனார்கள். திரும்பும் வழியில் அண்ணனுக்கு வாந்தி வந்துவிட்டது. அந்த வண்டியோட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் ஓரமாக நிறுத்தி இருக்கையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஏறி ஓட்டினாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணன். அதன் பிறகு அவர் பிறர் வண்டியில் ஏற மறுத்துவிட்டார்.

அக்கா என்னை அழைத்தபோது சொன்ன முதல் வாக்கியத்தை நீங்கள் மறக்கக் கூடாது.

"அண்ணே, கார் வெள்ளிக்கெழம மட்டும் ரோசாக் ஆகுது."

நான் சிரித்துவிட்டேன். ரோசாக் என்று மலாயில் சொன்னாலும் பழுது என்று தமிழில் சொன்னாலும், டீசல் எந்திரத்துக்குக் கிழமை தெரியாது என்று சொன்னேன். அக்காவும் சிரித்தார். ஆனால் தாம் சொன்னதை அவர் திரும்பப் பெறவில்லை. திங்களும் புதனும் வண்டி ஒழுங்காகப் போய் வருகிறது. வெள்ளியன்று, ஈப்போ போகும் வழியிலுள்ள செமோரை நெருங்கும்போது இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் மீண்டும் உயிர் பெறுகிறது. கொஞ்ச தூரம் போய் மீண்டும் நிற்கிறது. எனக்கு முன்பே பட்டணத்துச் சீனப் பட்டறைக்காரர் ஒருவர் வடிகட்டியையும் டீசலை இழுக்கும் பம்பையும் மாற்றியிருந்தார். பலனில்லை.

எனக்கு ஒரு கொள்கை தயாராக இருந்தது. இப்போதைய டீசலில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. அது பழைய தொட்டியின் அடியில் காலங்காலமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். பழைய ரப்பர்க் குழாய்களையும் இளக்கிவிடும். வேறு பல வீடுகளில் நான் கண்ட உண்மை அது. ஆகவே தொட்டியை இறக்கிக் கழுவினேன். குழாய்களைப் புதிதாகப் போட்டேன். செமோர் வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி பாடிக்கொண்டு போயிற்று. அடுத்த வெள்ளியன்று நின்றது. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஐயத்துக்கு இடமான இன்னொரு பாகத்தை மாற்றிவிட்டு வந்தேன். அதற்கடுத்த வெள்ளியன்றும் நின்றது.

நாம் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் பழுதைவிட மனத்தை அரிப்பது வேறில்லை. வீட்டில் நாம் சோதிக்கும் வண்டியும் சாலையில் அவர்கள் ஓட்டும் வண்டியும் ஒன்றுதான் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். நான் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓட்டினேன்; அவர்கள் திறக்காமல் ஓட்டினார்கள். அந்த வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காளிமுத்து அண்ணன் தெய்வ நம்பிக்கை இல்லாதவர். திருமணத்தன்றுகூட நெற்றியில் திருநீறு வைக்க விடவில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அக்காவோ வெள்ளி தவறாமல் விளக்கேற்றுபவர். வண்டி வெள்ளிக்கிழமை பார்த்து நிற்கத் தொடங்கியதும் அண்ணனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"வெள்ளிக்கெழமன்னா ஒங்க அம்மனுக்கு லீவு போலலா. போகும்போது என் காரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுறா."

"வாயக் கழுவுங்க மொதல்ல. அவதான் ஒங்கள ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டாந்து விடுறா."

இப்படி எந்நேரமும் நடக்கும். நானும் வேலை பார்த்துக்கொண்டே கேட்டு மகிழ்வேன். ஆனால் நான் பாகம் மாற்றிய பிறகும் வண்டி நின்ற அந்த வெள்ளியன்று கேலி தீர்ந்துவிட்டது. வெயிலில் வெகுநேரம் காத்திருந்து தாமதமாகப் போனதால் அன்று சுத்திகரிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மூச்சு வாங்கியது; படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். நான் போனபோது அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாகச் சொன்னார்:

"மச்சான், இன்னொரு தடவ ரோட்டுல நின்னுச்சுன்னா, நான் போறத விட்டுடுவேன். காரும் நானும் இங்கயே ஒண்ணா நின்னுக்கிறோம். அவள இந்த வயசுல நடுரோட்டுல நிக்க வைக்க மாட்டேன்."

அக்கா அடுப்படியில் இருந்தார். பாத்திர ஓசை நின்றுவிட்டது. சுத்திகரிப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் மூவருக்குமே தெரியும்.

அடுத்த வெள்ளியன்று அவர்களோடு நானும் வருவதாகச் சொன்னேன். என் வண்டியில் பின்தொடர்ந்து வருவது எனக்கு வசதி. ஆயினும் உள்ளேயே உட்கார்ந்து வருவதென்று முடிவு செய்தேன். பின்னால் வருபவனுக்கு வண்டி நிற்பதுதான் தெரியும். அது எப்படி நின்றது என்பது உள்ளே இருப்பவனுக்கே தெரியும்.

காலையில் நான் போனபோது அண்ணன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா குளித்து, ஈரத் தலையோடு, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கையில் ஏந்தி வண்டியைச் சுற்றி வந்தார். முன்மூடியில் ஒரு பொட்டு, திசைமாற்றி வளையத்தில் ஒரு பொட்டு, பின்பக்கம் போய் டீசல் ஊற்றும் வாயின் சிறு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் மூடியில் ஒரு பொட்டு. நான் கருவிப் பெட்டியை ஏற்றிக்கொண்டே அதைப் பார்த்தேன். கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்காத வண்டியை நம்மவர் வீடுகளில் நான் கண்டதே இல்லை. வீட்டுக் கதவில் கட்டிய மாவிலையை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படித்தான் அந்தப் பொட்டையும் பார்த்தேன்.

சுங்கை சிப்புட்டைத் தாண்டியபின் பழைய சாலையில் சீராகவே போனோம். செமோருக்கு முன்னால் இழுவை குறைவதை என் பாதங்கள் உணர்ந்தன. எந்திரம் மெல்ல மெல்ல மூச்சடங்கியது. மின்கம்பி அறுந்தால் சட்டென நிற்கும். இது அப்படியல்ல, பசியால் நிற்பது. அக்கா வண்டியை ஒரு மரநிழலில் ஒதுக்கினார். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எங்களை உலுக்கிக்கொண்டு கடந்தன.

"நின்னுடுச்சா?" என்று அண்ணன் கேட்டார். அது கேள்வியன்று. அக்கா இரு கைகளாலும் வளையத்தைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும்; என் கைகளும் அதையே செய்யத் துடித்தன. முன்மூடியைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பை அடித்தால் வண்டி எப்படியும் உயிர்க்கும். நேரத்துக்குக் கிட்டத்தட்டப் போய்விடலாம். ஆனால் அன்று வண்டியைக் கிளப்புவது போதாது. வண்டி நின்றுவிட்டது, அண்ணன் சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஏன் நின்றது என்பதை அவர் நம்பும்படி காட்டினாலொழிய, அடுத்த திங்களன்று அவர் வண்டியில் ஏறமாட்டார். காரணத்தைத் தேடிக்கொண்டே நின்றாலோ, அன்றைய சுத்திகரிப்பு குறையும். இரண்டில் எதை விட்டாலும் விலை கொடுப்பவர் அவர்.

எனக்குத் தொழில் பழக்கிய ஈப்போ முதலாளி, வண்டி நின்றுபோனால் எங்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். வண்டி செத்த இடத்தில் தடயம் இருக்கும். முதலில் நீளும் கை அதை அழித்துவிடும் என்பது அவர் கருத்து. அன்று நான் உண்மையாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தேன். அக்காவுக்கு நான் செய்வதறியாமல் உலாவுவதாகத்தான் தோன்றியிருக்கும்.

பிறகு முன்மூடியைத் திறந்து எதையும் தளர்த்தாமல் வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை ஒரே ஒருமுறை அழுத்தினேன். அழுத்திய குமிழ் மேலெழவில்லை. உள்ளிருந்து யாரோ அதைப் பிடித்து இழுப்பதுபோல் பள்ளத்திலேயே கிடந்தது. டீசல் வரும் வழியில் ஏதோ ஒன்று அதை வரவிடாமல் தடுக்கிறது. குழாய் புதிது; தொட்டி கழுவியது; இரண்டும் என் கையால் செய்தவை. எனவே தடுப்பது அழுக்கன்று. தொட்டியிலிருந்து டீசல் வெளியேறும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். தண்ணீர்ப் புட்டியின் வாயைக் கவ்விக்கொண்டு உறிஞ்சினால் சற்று நேரத்தில் தண்ணீர் வராமல் நின்றுவிடும் அல்லவா, அதுபோல.

பின்பக்கம் போய் டீசல் மூடியைத் திருகினேன். தொட்டி ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தது.

பின்னிருக்கையில் இருந்த அண்ணனின் கண்ணுக்கு என் உருவம் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். காது லாரிக்காரனின் காது.

"மச்சான், அது என்ன சத்தம்?"

மூடியைக் கையில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளின் மேல் சிவப்பு, அதன் மேல் மஞ்சள், அதன் மேல் சிவப்பு. பழைய சுவரில் சுண்ணாம்பு ஏறுவதுபோல் வாரா வாரம் ஏறிய சந்தனமும் குங்குமமும் இறுகிக் கிடந்தன. மேலே அன்று காலை வைத்த பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. அதன் நடுவில், உள்ளிழுத்த காற்று உண்டாக்கிய ஒரு சிறு குழி. காற்றுப் போவதற்காக அந்த மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்க வேண்டிய இடம் அது. காய்ந்த சந்தனம் வெடித்திருக்கும்போது திங்களும் புதனும் காற்று எப்படியோ புகுந்துவிடும். ஈரச் சந்தனம் அடைத்த வெள்ளியன்று வழியில்லை.

"அக்கா, ஊக்கு இருந்தாக் குடுங்க" என்றேன். அவர் இறங்கி வந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். நான் அந்த ஓட்டையைக் குடையக் குடைய மஞ்சள் துகள் உதிர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் வச்சதா, அண்ணே?"

மூடியில் புழுதி அடைத்துவிட்டது என்று அண்ணனுக்குக் கேட்கும்படி சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமலில்லை. அப்படிச் சொல்வது அன்புபோல் தெரியும். ஆனால் அக்கா தம் கண்ணாலேயே கண்டுவிட்டார். கண்டதை இல்லையென்றால், அந்தப் பொய்யை அவர் தனியே சுமக்க வேண்டியிருக்கும். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அது அவர் ஒருவர் தலையில் விழாதபடி சொல்ல வேண்டும்.

"ஆமாக்கா. இங்க ஓட்ட இருக்குன்னு ஒங்களுக்கு யாரும் சொல்லல. இந்த மூடிய நானே எத்தன தடவ தொறந்து மூடியிருக்கேன். நானும் பாக்கல."

அவர் மெதுவாக, ஏறக்குறைய தமக்குத் தாமே, காரணம் சொன்னார். அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டிய காலத்தில், ஆயுத பூசையன்று ஓட்டுநர் மனைவிமார் டீசல் மூடிக்கும் பொட்டு வைப்பார்களாம். வண்டி சாப்பிடும் வாய் அதுதானே என்பார்களாம். அண்ணனை நிலையத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கியதிலிருந்து ஆண்டுக்கொரு நாள் போதவில்லை, வெள்ளிதோறும் வைத்தார்.

"அவர சொமந்துக்கிட்டுப் போற வண்டிலா" என்றார்.

பின்னிருக்கையில் இருந்த அண்ணனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாழ்நாள் முழுதும் அவர் தேடிக்கொண்டிருந்த கேலி, தங்கத் தட்டில் வைத்ததுபோல் அவர் மடிமேல் வந்து விழுந்திருந்தது. நான் அதற்காகக் காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தார் என்பதை, சேலைத் தலைப்பை அவர் விரலில் சுற்றிக்கொண்ட விதத்தில் அறிந்தேன்.

அண்ணன் சன்னல் வழியே கையை நீட்டி மூடியைக் கேட்டார். கொடுத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என்னிடம் திருப்பித் தந்தார்.

"வண்டிய எடு சரசு. நேரமாகுது."

மூடியைத் துடைத்துப் பொருத்தினேன். காற்றை வெளியேற்றி எந்திரத்தைக் கிளப்பினோம். உரிய நேரத்திலேயே நிலையத்தை அடைந்தோம்.

சில நாள் கழித்து அந்தச் சீனப் பட்டறைக்காரரைச் சந்தித்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மூடியில் இருந்ததை அவரும் பார்த்தாராம். அது இந்தியர்களின் வழிபாட்டுப் பொருள், நாம் கை வைக்கக் கூடாது என்று துடைக்கும் துணிகூட அதில் படாமல் வேலை பார்த்தாராம். அவரை மரியாதை தடுத்தது; என்னைப் பழக்கம் தடுத்தது. கேட்டிருந்தால் அக்காவே சொல்லியிருப்பார். ஏன், முதல் நாளே சொன்னார்! கார் வெள்ளிக்கிழமைதான் நிற்கிறது என்று அவர் சொன்னபோது, வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சிரித்தேன்.

வீட்டுக்காரர் சொல்வது எவ்வளவு பேதைமையாகத் தோன்றினாலும், அதை ஒருமுறை உண்மையென்று வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நம்முடைய சொந்த வழக்கமாக இருந்தால் இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். இதற்குமேல் உங்களுக்கு நான் சொல்ல நினைத்த அறிவுரை ஏதுமில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

திங்களும் புதனும் அண்ணன் போய் வந்தார். அடுத்த வெள்ளியன்று வண்டி எப்படிப் போகிறது என்று பார்க்க நான் காலையிலேயே போய் நின்றேன். அக்கா குளித்து, ஈரத் தலையோடு வெளியே வந்தார். கையில் சாவி மட்டும் இருந்தது. வண்டியைச் சுற்றி வராமல் நேரே ஓட்டுநர் இருக்கைக்குப் போனார். அவர் முகம், விளக்கேற்றாத மாடம்போல் இருந்தது.

அண்ணன் கதவு திறந்தபடி பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"சரசு, சந்தன வாசத்தையே காணோம்."

"வேணாங்க. வண்டிக்கு ஆகாது."

"வண்டிக்கு ஆகாதுலா. அதுக்கு மூச்சு அந்த மூடியில. எனக்கு மூக்குல. நெத்தி சும்மாதான கெடக்கு, இங்க கொண்டாந்து வை."

அக்கா என்னைப் பார்த்தார்; நான் சக்கரத்தைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்க் கிண்ணத்தோடு திரும்பி வர நேரம் பிடித்தது. குனிந்து, இடக்கையால் அண்ணனின் மோவாயைப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார்.

"பாத்து வை" என்றார் அண்ணன். "கண்ணுக்குள்ள விட்டுடாத. அது ஏற்கெனவே ரோசாக்."

வண்டி அன்று ஈப்போ வரை நிற்காமல் போயிற்று.